ஓசியில் குடும்ப சினிமா! பெற்றோரே, உஷார்... கடைக்காரரே, நியாயமா?

மாலை 6 மணி. பட்டினப்பாக்கம் பஸ் நிலையம். ஆபீஸ் முடிந்து இறங்குகிற கூட்டம் ஒரு பக்கம். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற பெண்கள் ஒரு பக்கம். டியூஷனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற தாய்மார்கள் ஒரு பக்கம். எல்லோர் கையிலும் செல்போன். அதில் 'டிங்' என்று ஒரு வண்ண விளம்பரம் வந்து விழுகிறது.

"அம்மா, அப்பாக்களுக்கு மட்டும்! குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம். 4 டிக்கெட் இலவசம்!"

அடியில் பொடி எழுத்தில் நாலு கட்டளை. எங்கள் பக்கத்தை 'ஃபாலோ' செய்யுங்கள். 3 நண்பர்களை 'டேக்' செய்யுங்கள். உங்கள் குழந்தை சிரிக்கிற போட்டோவைப் போடுங்கள். செல் நம்பரை அனுப்புங்கள். அவ்வளவுதான். அதிர்ஷ்டசாலிக்கு டிக்கெட்!

அன்று ராத்திரி வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்.

"ஏங்க, பாப்பா போட்டோவை அனுப்பட்டுமா?"

"அனுப்பேன். காசா, பணமா?"

காசா, பணமா? இந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. காசு இல்லை, பணம் இல்லை என்றால் பிறகு எதைக் கொடுத்து அந்த டிக்கெட்டை வாங்குகிறார்கள்? இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப் என்று தெருவுக்குத் தெரு பரவிவிட்ட இந்த ஓசி டிக்கெட் போட்டியை கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாலு பேர், ஒரு படம்

முதலில் ஏழை வீட்டு ஆசையை யாரும் கேலி செய்ய வேண்டாம். கணக்கைப் பாருங்கள். சென்னையில் மல்டிபிளெக்ஸ் தியேட்டரில் ஒரு டிக்கெட் 190 ரூபாயை ஒட்டி இருக்கிறது. புருஷன், பெண்சாதி, 2 பிள்ளைகள் என்றால் 760 ரூபாய். செல்போனில் பதிவு செய்தால் அதற்குத் தனிக் கட்டணம். போக வர ஆட்டோ. இடைவேளையில் பிள்ளை கையைக் காட்டினால் பாப்கார்ன். 1,500 ரூபாய் எடுத்துக்கொண்டு போனால் பஸ் காசு மிஞ்சுவது பெரிய பாடு!

முன்பெல்லாம் மயிலாப்பூர் வட்டாரத்துக்காரர்களுக்கு காமதேனு இருந்தது. கபாலி தியேட்டர் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்து போய் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வரலாம். இரண்டும் இப்போது இல்லை. 1961-ல் திறந்த அண்ணாசாலை சாந்தி தியேட்டர் 2016-ல் மூடப்பட்டது. 1983-ல் வந்த அசோக்நகர் உதயம் தியேட்டர் 2024-ல் போய்விட்டது. பக்கத்துத் தியேட்டர் போனதோடு பக்கத்து விலையும் போய்விட்டது. குடும்பத்தோடு சினிமா என்பது மாதச் சம்பளக்காரருக்கே யோசித்துச் செய்கிற செலவாகிவிட்டது. தினக்கூலிக்காரருக்குக் கேட்பானேன்?

ஆகவே '4 டிக்கெட் இலவசம்' என்றால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அது பேராசை அல்ல. பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கிற ஆசை.

அன்றும் ஓசிதான்!

ஓசி சினிமா சென்னைக்குப் புதிதா என்ன? 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னை தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றாலே டெலிவிஷனில் தமிழ்ப் படம்தான். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கும். இடம் இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வீட்டு அம்மாள் யாரையும் போட்டோ கேட்கவில்லை. "மூணு பேரை கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்" என்று சொல்லவில்லை. "செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க கண்ணு" என்பதுதான் ஒரே நிபந்தனை.

இன்றைக்கு நிபந்தனை நாலு. அந்த நாலும் யாருக்காக என்பதுதான் கேள்வி.

ஒரு நம்பர் ஒன்றரை ரூபாய்!

கடைக்காரரின் கணக்கு ரொம்பச் சுலபம். 4 டிக்கெட்டுக்கு அவர் போடுகிற முதல் 760 ரூபாய். போட்டிக்கு 500 பேர் பெயர் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 செல் நம்பர் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு நம்பருக்கு அவர் கொடுத்த விலை ஒன்றரை ரூபாய்! ஒரு டீக்குக்கூட காணாது. 500 பேரும் ஆளுக்கு 3 பேரை இழுத்துவிட்டால் 1,500 பேர் கண்ணில் கடையின் பெயர் பட்டுவிடும். நோட்டீஸ் அச்சடித்து, ஆள் வைத்து விநியோகித்தால் 760 ரூபாய்க்கு இது நடக்குமா?

இதில் பாவம் ஒன்றும் இல்லை. வியாபாரி விளம்பரம் செய்யத்தான் செய்வார். டெய்லர் கடையோ, பொம்மைக் கடையோ, டியூஷன் சென்டரோ, நாலு பேருக்குப் பெயர் தெரிந்தால்தான் அடுப்பு எரியும். பெரிய கம்பெனிக்காரன் சினிமா நட்சத்திரத்தை வைத்து விளம்பரம் செய்கிறான். சின்னக் கடைக்காரர் 4 சினிமா டிக்கெட்டை வைத்து விளம்பரம் செய்கிறார். சரிதான்.

ஆனால் ஒன்று. இது தர்மம் அல்ல, வியாபாரம். கொடுக்கல் வாங்கல். கொடுப்பது டிக்கெட். வாங்குவது நம்பரும் போட்டோவும். தர்மம் செய்கிறவரைக் கேள்வி கேட்கக் கூடாது. வியாபாரம் செய்கிறவரைக் கேட்கலாம். கேட்க வேண்டும்!

பரிசு விழுந்தது யாருக்கு?

போட்டி முடிந்தது. ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. பிள்ளை தினமும் கேட்கிறது.

"அம்மா, நம்ம டிக்கெட் வந்துச்சா?"

"வரும்டா."

யாருக்கு விழுந்தது? யார் குலுக்கினார்கள்? எங்கே குலுக்கினார்கள்? ஒரு தகவலும் இல்லை. விளம்பரமே மாயமாகி, அந்த இடத்தில் புதுசாக வேறு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிசு கடைக்காரரின் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாருக்குமே போகாமலும் இருந்திருக்கலாம்.

"சின்ன விஷயம்தானே, போனாப் போகுது" என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி விடவில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எவையெல்லாம் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. கொடுக்கிற எண்ணம் இல்லாமல் பரிசு தருவதாக அறிவிப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்தபிறகு, கலந்துகொண்டவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் மறைப்பதும் இருக்கிறது. நம்பி ஒப்படைத்த சொந்த விவரங்களை சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குக் கொடுப்பதும் இருக்கிறது.

அதுமட்டும் அல்ல. பொருளை விற்பதற்காகவோ, வியாபார லாபத்துக்காகவோ போட்டி, குலுக்கல், அதிர்ஷ்ட விளையாட்டு நடத்துவதையே, விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டவை தவிர, அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு நடக்கிறதே என்று எண்ணி இறங்குகிற கடைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 760 ரூபாய் விளம்பரத்துக்கு ஆசைப்பட்டு நுகர்வோர் கோர்ட்டு வாசலில் நிற்பானேன்?

பெற்றோருக்கும் ஒரு தகவல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏமாற்றப்பட்டவர்கள் அந்த எண்ணில் புகார் சொல்லலாம்.

பழைய கதை தெரியுமா?

பரிசு மோகத்துக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டது இன்று நேற்று அல்ல. குறுக்கெழுத்துப் போட்டி என்று ஒரு காலத்தில் நாடே பைத்தியமாகத் திரிந்தது. பத்திரிகையில் கட்டத்தை நிரப்பி, நுழைவுக் கட்டணம் கட்டி அனுப்பினால் ஆயிரக்கணக்கில் பரிசு. அதனால் 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டு வந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரக் கூடாது என்று தடை போட்டது. போட்டி நடத்தியவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தின் பக்கம்தான் நின்றது.

தமிழ்நாட்டில் 1968-ல் அரசாங்கமே பரிசுச் சீட்டு நடத்தியது. பிறகு லாட்டரி எத்தனையோ வடிவம் எடுத்தது. கூலிப் பணத்தைச் சீட்டில் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். கடைசியில் 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனைக்கே தமிழக அரசு தடை போட்டது.

அந்தச் சீட்டில் குடும்பத்துக்காரன் தோற்றது காசு. அது கண்ணுக்குத் தெரிந்தது. பெண்சாதி சண்டை போட்டாள். இன்றைய ஓசி டிக்கெட் போட்டியில் தோற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் யாரும் சண்டை போடுவதில்லை.

குழந்தை முகம் விற்பனைக்கா?

நாலு நிபந்தனையில் மோசமானது மூன்றாவதுதான். குழந்தையின் போட்டோ!

யூனிபாரம் போட்ட போட்டோவில் பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிகிறது. வாசலில் நிற்கிற போட்டோவில் பிளாக் நம்பர் தெரிகிறது. கீழே அம்மாவின் செல் நம்பர். இதை எல்லாம் ஊர் பார்க்கத் திறந்த பக்கத்தில் போட்டாயிற்று. பார்க்கிறவன் எல்லாம் நல்லவனா? மூன்று வருஷம் கழித்து அந்தப் போட்டோ எங்கே கிடக்கும் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.

தெருவில் முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து, "உங்க பொண்ணு போட்டோவும், படிக்கிற ஸ்கூல் பேரும், போன் நம்பரும் குடுங்க, சினிமா டிக்கெட் தர்றேன்" என்றால் பட்டினப்பாக்கம் பெண்கள் என்ன செய்வார்கள்? அவன் சட்டை முழுசாக வீடு போய்ச் சேராது! அதையே செல்போனில் கேட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே கொடுப்பது என்ன நியாயம்?

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. சட்டம் படிப்படியாக அமலுக்கு வருகிறது. அதன்படி 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தகவலைக் கையாள வேண்டும் என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கிற விதத்தில் பெற வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் அனுப்பக் கூடாது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு குழந்தையின் முகத்தை நாட்டின் சட்டம் இவ்வளவு பெரிதாக மதிக்கிறது. பெற்றவர்கள் 4 டிக்கெட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

'வாழ்த்துகள்! நீங்கதான் வின்னர்!'

இனி அடுத்த ரகம். இவர்கள் கடைக்காரர்களே அல்ல. கில்லாடி மோசடி ஆசாமிகள். போட்டியில் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல்தான் திறந்து கிடக்கிறதே! அதிலிருந்து ஒரு பெயரைப் பிடிப்பார்கள். அசல் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் தொடங்கி, சேதி அனுப்புவார்கள்.

"மேடம், வாழ்த்துகள்! நீங்கதான் வின்னர். டிக்கெட் அனுப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

சொன்னால் தீர்ந்தது. பாங்கிக் கணக்கோ, வாட்ஸ்அப் கணக்கோ அம்போ! சில ஆசாமிகள், "பரிசுக்கு வரி கட்டணும், 99 ரூபாய் மட்டும் அனுப்புங்க" என்பார்கள். சிலர் ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் உங்களுக்கு வரும்" என்பார்கள். டெலிவிஷன் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, 25 லட்சம் லாட்டரி விழுந்ததாக வாட்ஸ்அப்பில் நாடு முழுக்க நடந்த மோசடியும் இதே பாட்டின் பெரிய ராகம்தான்.

மூன்று விஷயம் மனதில் இருந்தால் போதும். ஒன்று, பணம் பெறுவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. இரண்டு, பரிசுக்கு வருமான வரிப் பிடித்தம் என்பது 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசுக்குத்தான். 760 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி கேட்கிறவன் திருடன். மூன்று, ஓடிபியை எந்தப் பரிசுக்காகவும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் மடக்க வாய்ப்பு இருக்கிறது. 2024-ல் மட்டும் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்த பணம் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது.

லிங்க் கொடுப்பதும் பரிசா?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. "டிக்கெட் எதுக்கு? படத்தோட லிங்க்கே தர்றோம், வீட்டுல உட்கார்ந்து குடும்பத்தோட பாருங்க" என்று ஒரு கூட்டம். அபார்ட்மெண்ட் குரூப்பில், ஸ்கூல் அம்மாக்கள் குரூப்பில் அந்த லிங்க் சுற்றோ சுற்று என்று சுற்றுகிறது.

அது பரிசு அல்ல, திருட்டுச் சரக்கு. 2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டப்படி தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். பிள்ளைக்கு நல்ல புத்தி சொல்கிற 'குடும்பப் படத்தை' திருட்டு லிங்க்கில் போட்டுக் காட்டினால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? படத்தையா, திருட்டையா?

குடும்பப் படம்தானா?

டிக்கெட் கொடுக்கிறவர் 'குடும்பப் படம்' என்று போட்டுவிட்டால் போதுமா? சர்டிபிகேட்டைப் பார்க்க வேண்டாமா? 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். பழைய 'யு.ஏ.' இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்று வகை. அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர்கள்தான்.

5 வயதுப் பிள்ளையின் போட்டோவை வாங்கிக்கொண்டு, 16 வயதுக்கு மேல் என்று போட்ட படத்துக்கு டிக்கெட் கொடுத்தால் அதற்குப் பெயர் பரிசா? போட்டி நடத்துகிறவர் படத்தின் பெயரோடு சர்டிபிகேட்டையும் கொட்டை எழுத்தில் போட வேண்டும். காசு வாங்கிக்கொண்டோ, ஓசிப் பொருள் வாங்கிக்கொண்டோ போட்டியைப் பரப்புகிற இன்ஸ்டாகிராம் பிரமுகர்களும் அதை மறைக்கக் கூடாது. விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

லைக் அதிகம் வாங்கியவருக்கா?

பட்டினப்பாக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்கம் எம்.ஆர்.சி. நகரின் மாடி மேல் மாடி. இன்னொரு பக்கம் சீனிவாசபுரத்தின் குடியிருப்புகள். 2004 சுனாமியைப் பார்த்த கரை. இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். ஆனால் 'லைக்' கணக்கில் இரண்டுக்கும் நடுவே ஏழு கடல் தூரம்!

"யார் போட்டோவுக்கு லைக் அதிகமோ, அவர்களுக்கு டிக்கெட்" என்று வைத்தால் ஜெயிப்பது யார்? ஆபீஸில் 300 பேரைத் தெரிந்தவர். அவருக்கு 760 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. அவர் நினைத்தால் இன்று ராத்திரியே டிக்கெட் எடுத்துவிடுவார். மீன் விற்கிற அம்மாவின் செல்போனில் இருப்பது அண்ணன், தங்கச்சி, ஐஸ் கடைக்காரர். லைக் போட ஆள் எங்கே?

"இன்னா சார், என் புள்ள மூஞ்சி நல்லா இல்லியா?" என்று அந்த அம்மா கேட்டால் பதில் சொல்ல முடியுமா?

2015-ல் வந்த 'காக்கா முட்டை' படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இரண்டு பேர் பீட்சா சாப்பிட ஆசைப்பட்டுக் காசு சேர்க்கிறார்கள். காசோடு போய் நின்றபோதும் கடைக்குள் விடவில்லை. குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம் அது. லைக் போட்டியும் கிட்டத்தட்ட அந்தக் கடை வாசல்தான். கதவு திறந்திருப்பது போலத் தெரியும். உள்ளே போக முடியாது.

தவிர, 'பகிர்ந்தால்தான் போட்டியில் சேர்க்கை, நண்பர்களை டேக் செய்தால்தான் சேர்க்கை' என்று நிபந்தனை போடுவதை பேஸ்புக் கம்பெனியே தன் விதிகளில் அனுமதிக்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களில் எத்தனை பேர் அந்த விதியைப் படித்திருப்பார்கள்?

உத்திரமேரூர் பானை

நியாயமாகக் குலுக்குவது எப்படி என்று தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிப் பானையில் போடுவார்கள். ஊர்ச் சபை கூடியிருக்கும். பானையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதே!

1,100 வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு ஜாக்கிரதை. இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் சக்கரம் சுற்றுகிற படத்தைக் காட்டி, "விழுந்தாச்சு" என்கிறார்கள். விரித்த கை எங்கே?

தூரமே போக வேண்டாம். மயிலாப்பூர் விழாவின்போது ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். நடுத்தெருவில், எல்லோர் கண் முன்னாலும் கோலம் போடுகிறார்கள். யார் கோலம் எப்படி இருக்கிறது என்று போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். போட்டி என்றால் அப்படித் தெருவில் நடக்க வேண்டும்.

கடைக்காரர் என்ன சொல்வார்?

"நல்லா இருக்கே! என் கைக்காசைப் போட்டு நாலு பேருக்கு டிக்கெட் குடுக்கிறேன். அதுக்கும் குத்தமா? இனிமே குடுக்கவே மாட்டேன், போங்க!" என்று கடைக்காரர் கோபப்படலாம்.

கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்கிற முறையை மாற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை. டிக்கெட்டைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுங்கள். அல்லது பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்திடம் கொடுங்கள். 'பொருள் வாங்கினால்தான்' என்ற நிபந்தனை வேண்டாம். குழந்தை போட்டோ வேண்டாம். நண்பர்களை இழுத்து வர வேண்டாம். வீட்டு நம்பரை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ் நிலையம் பக்கத்தில், நாலு பேர் பார்க்க, ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். யாருக்கு விழுந்தது என்று அங்கேயே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடட்டும். படத்தின் பெயர், சர்டிபிகேட், தியேட்டர், காட்சி நேரம் எல்லாம் அதே அட்டையில் இருக்கட்டும். விழாதவர்களின் சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டுவிடட்டும்.

இதனால் கடைக்காரருக்கு நஷ்டமா? இல்லவே இல்லை. 500 நம்பர் கிடைக்காது. அதற்குப் பதில் நல்ல பெயர் கிடைக்கும். நம்பரை 'பிளாக்' செய்துவிடலாம். நல்ல பெயரை யாராலும் பிளாக் செய்ய முடியாது!

பெற்றோர் செய்ய வேண்டியது

பெற்றோருக்கும் பொறுப்பு இருக்கிறது. பெயர் கொடுக்கும் முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். நடத்துகிறவரின் கடை எங்கே இருக்கிறது? முடிவு எந்தத் தேதியில், எப்படித் தெரியும்? என் நம்பரை என்ன செய்வீர்கள்? என்ன படம், என்ன சர்டிபிகேட்? இதில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் செல்போனை மூடிப் பைக்குள் போடுங்கள்.

முக்கியமாக, டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்னால் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு அது ஒரு விளம்பரம். மறுநாளே மறந்துவிடும். பிள்ளைக்கு அது வாக்கு. ஞாயிற்றுக்கிழமை சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு 'ஃபாலோ' தெரியாது, 'டேக்' தெரியாது. "அம்மா பொய் சொல்லிட்டாங்க" என்பது மட்டும்தான் தெரியும்.

டிக்கெட் விழாவிட்டால்தான் என்ன? பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் போய் உட்காரலாம். 10 ரூபாய் சுண்டல் போதும். அதற்கு யாரும் போட்டோ கேட்கப் போவதில்லை.

குடும்பத்தோடு சந்தோஷமாக ஒரு படம் பார்ப்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய சுகம்தான். அதைக் கொடுக்கிற மனசு உள்ள கடைக்காரர் நன்றாக இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் முகத்தை அடகு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டாம். பெற்றவர்களும் அடகு வைக்க வேண்டாம்.

இனிமேல் யாராவது "அனுப்பேன், காசா, பணமா?" என்று கேட்டால், வீட்டில் இருக்கிறவர்கள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லட்டும்:

"இல்லீங்க, நம்ம பாப்பா!"